பூங்கொடி நகர் ஸ்டாப்பிங்

விழுப்புரம் – திண்டிவனம் தடத்தில் என்னை ‘நிக்காது ஆனந்தராஜ்’ என்றுதான் சொல்வார்கள். பதினாறு வருஷமாக ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விழுப்புரத்திலேயே சீட் நிரம்பிவிட்டால் வழியில் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, அவ்வளவுதான். நடுவில் உள்ள சின்ன ஸ்டாப்பிங்குகளில் யார் கை காட்டினாலும் இரண்டு விசில் கொடுத்துவிடுவேன். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. எங்களுக்குப் பின்னால் நாலே நிமிஷ இடைவெளியில் இன்னொரு கம்பெனி பஸ் வந்துகொண்டே இருக்கும். கண்ட இடத்தில் நின்றால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவன் நமக்கு முன்னால் போய் நின்று கூட்டத்தை அள்ளிக்கொள்வான். ஏறுகிற ஒவ்வொருத்தரிடமும் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. “அங்கல்லாம் நிக்காது” என்று முடித்துவிடுவேன். பேர் அப்படி வந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்படிப்பட்டவன் வீடு கட்டினேன். எங்கே கட்டினேன் என்று கேளுங்கள்.

அதற்கு முன் நாங்கள் இருக்கிற வீட்டைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மாடி போர்ஷன். கீழே மிக்சி ரிப்பேர் கடை, எதிரே லாரிக்கு ஹாரன் மாட்டுகிற கடை. நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால், எதிர்க்கடைக்காரன் புது ஹாரனை ஊதிப் பார்ப்பான். இரண்டு அறை. மகள் அஸ்வினி பத்தாவது படிக்கிறாள், அவளுக்குப் படிக்க இடம் சமையலறை வாசல். மகன் இனியவன் மூன்றாவது. அவனுக்கு வாங்கிய சைக்கிள் இரண்டு வருஷமாக மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது, ஓட்டத் தெருவில் இடம் இல்லை. பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும், அமைதி வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அமைதி உண்மையில் எனக்குத்தான் வேண்டியிருந்தது.

திண்டிவனத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் விழுப்புரம் பக்கமாக, நெடுஞ்சாலையை ஒட்டிப் பூங்கொடி நகர் என்று மனை போட்டார்கள். பூவும் இல்லை, கொடியும் இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த காட்டில் கல் நட்டிருந்தார்கள். ஆனால் காற்று வந்தது. என் பஸ் ஜன்னல் வழியாகவே அந்த மனையைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். என் மனைவி கலைப்பிரியா டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். எதையும் சீட்டைப் படித்துப் பார்க்காமல் எடுத்துக் கொடுக்காதவள். “பசங்க ஸ்கூலுக்கு எப்படிங்க போவாங்க?” என்று கேட்டாள்.

“இன்னா கலை, அந்த ரோட்டுல ஏழு நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு போவுது. எங்கிட்டயே கேக்கறியே” என்றேன்.

போகிற பஸ்ஸை எண்ணிச் சொன்னேன். நிற்கிற பஸ்ஸை எண்ணவில்லை. கண்டக்டர் செய்கிற தப்பு அது. பஸ்ஸுக்கு உள்ளே இருந்து பார்க்கிறவனுக்கு ரோடு முழுக்க பஸ்தான்.

வீடு முடிந்தபோது தை மாதம் கடைசி வாரம். தை போனால் அடுத்த நல்ல நாள் சித்திரையில்தான். அஸ்வினிக்கு அடுத்த மாதம் பொதுத்தேர்வு, அது முடிந்து ஜூனில் குடிபோகலாம், பால் மட்டும் இப்போதே காய்ச்சிவிடலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். எனக்குப் பொறுமை இல்லை. ஜூனில் போகலாமா வேண்டாமா என்பதை கலைப்பிரியா இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கள் வீட்டில் அவள் முடிவு செய்யாதது எதுவும் முடிவு ஆகாது. அஸ்வினியிடம் கேட்டேன். “உங்க இஷ்டம்ப்பா” என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை விடியற்காலையில் பால் பொங்கியது. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து கலைப்பிரியாவின் அண்ணன் அப்பாதுரை தாய்மாமன் சீராகப் பாத்திரமும் அரிசி மூட்டையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் டிரைவர் கண்ணையன் பைக்கில் வந்தான்.

“ஏன்யா, நம்ம பஸ்ஸுல வரக்கூடாதா?” என்று கேட்டேன்.

“நம்ம பஸ்ஸுல வந்தா கூட்டேரிப்பட்டுல எறங்கி உன் ஊட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடக்கணும். இங்கதான் நிக்காதே” என்றான் கண்ணையன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அஸ்வினியும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

சாப்பாடு முடிந்து, பாத்திரத்தை எல்லாம் கட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பும்போதுதான் அப்பாதுரை மச்சான் வாசலில் நின்று மறித்தார்.

“எங்க மாப்ள கெளம்பிட்டீங்க? பால் காச்சி வெளக்கேத்தன ஊடு. மூணு ராத்திரி படுத்து எழுந்திரிக்காம பூட்டுவாங்களா?”

“பொண்ணுக்குப் பரிட்சை மச்சான். தெனம் காலைல எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாசு.”

“அப்போ பரிட்சை முடிஞ்சி காச்சியிருக்கணும். வெளக்கு அணைஞ்சா தங்கச்சிதான மனசு கஷ்டப்படும்.”

அவர் சொன்னதில் எனக்குப் பாதி நம்பிக்கை. ஆனால் நான் வாயைத் திறக்குமுன் கலைப்பிரியா பாத்திர மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

“இருக்கலாங்க. மூணு நாள் இருந்து பாப்போம். ஜூன்ல வர்றதா வேணாமான்னு அப்பறம் பேசிக்கலாம்” என்றாள்.

எனக்குச் சந்தோஷம். மூன்று நாள் அந்தக் காற்றில் இருந்துவிட்டால் யாருக்கு டவுனுக்குத் திரும்ப மனசு வரும் என்று நினைத்தேன்.

முதல் நாள் சாயந்திரம் இனியவன் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினேன். நீளமான சிமெண்ட் ரோடு, ஒரு வண்டி கிடையாது. இரண்டு முறை விழுந்தான், மூன்றாவது முறை எழுந்தவன் ரோட்டின் கோடிவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது, நான் கட்டிய வீட்டுக்கு அன்றைக்கே பலன் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அஸ்வினிக்குத் தனி அறை, கிழக்கே ஜன்னல். மேஜையைத் துடைத்துப் புத்தகத்தை அடுக்கி வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கவும் செய்தாள். அந்தக் கதவு சாத்துகிற சத்தத்தை நான் ஹாலில் உட்கார்ந்து ரசித்தேன்.

என் டியூட்டி விடிவதற்கு முன்பே ஆரம்பிக்கும். பைக்கில் திண்டிவனம் போய், முதல் நடை விழுப்புரம் போய், அங்கிருந்து ஆறரைக்குக் கிளம்பினால் ஏழேகாலுக்குப் பூங்கொடி நகரைக் கடப்போம். கலைப்பிரியா ஸ்கூட்டியில் இனியவனை ஏற்றிக்கொண்டு எட்டே முக்காலுக்குக் கிளம்புவாள். அஸ்வினிக்கு மட்டும் எட்டு மணிக்கே வகுப்பு. அவளுக்கு நான் சொல்லிவைத்தது ஆறு ஐம்பது டவுன் பஸ். பள்ளிக்கூட பாஸ் செல்லும், டிக்கெட் வேண்டாம், நேராக டவுன்.

வியாழக்கிழமை அந்த பஸ்ஸில் போனாள். ஏழேகாலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். நான் கேட்டதற்கு, “நின்னுக்கினே படிச்சிட்டேன்ப்பா” என்றாள். பாருங்கள், படிக்க நேரம் கிடைக்கிறது என்று கலைப்பிரியாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கே எனக்குப் பதில் இருந்தது. எனக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

அன்று சாயந்திரம் அஸ்வினிக்கு கிராப் ஷீட் வேண்டியிருந்தது. டவுனில் என்றால் மாடிப்படி இறங்கி, ஹாரன் கடையைத் தாண்டினால் ஸ்டேஷனரி கடை. போய்விட்டு ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவாள். வரும்போது தோழி வீட்டில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அம்மாவுக்குக் கறிவேப்பிலையும் வாங்கி வருவாள். இங்கே நான் பைக்கை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டு வரை போனேன்.

“முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? அஞ்சு மணிக்கு டவுன்லருந்துதான வந்தேன்” என்று திரும்பி வந்து சத்தம் போட்டேன்.

“சாரிப்பா” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தத்தை என்னால் ரசிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமையும் அதே ஆறு ஐம்பது, அதே பூட்டிய கேட்டு. அன்றிரவோடு மூன்று ராத்திரி முடிந்தது.

சனிக்கிழமை காலையில் பனி. விக்கிரவாண்டி தாண்டியதும் கண்ணையன் லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினான். சீட் நிறைந்து பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் பின்படியில் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். பூங்கொடி நகர் ஸ்டாப்பிங்கில் கூட்டம் தெரிந்தது. கூட்டம் என்றால் பத்துத் தலை. கீரைக்கட்டு வைத்திருக்கிற பெண்கள், டிபன் கேரியர் ஆட்கள், இரண்டு மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள். எப்போதும் நிற்கிற கூட்டம்தான். கைகள் நீண்டன. கண்ணையன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். வாயில் விசில் இருந்தது. இரண்டு முறை ஊதினேன்.

ஊதிவிட்டுத்தான் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் அஸ்வினி நின்றிருந்தாள். இரட்டைப் பின்னல், புத்தகப் பையை முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஸ்வெட்டர் கூட இல்லாமல். பக்கத்தில் எல்லோரும் கை காட்டினார்கள். அவள் காட்டவில்லை. என்னை நேராகப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், பஸ் போய்விட்டது.

ஒரு விசில் கொடுத்திருந்தால் ஐம்பது அடி தள்ளி நின்றிருக்கும். அவள் ஓடி வந்து ஏறியிருப்பாள். நான் பத்து விநாடி யோசித்தேன். பின்னால் வருகிற பஸ்ஸை யோசித்தேன். நிற்காத இடத்தில் தன் பெண்ணுக்காக நிறுத்தினான் என்று நாளைக்குப் பேசுவார்களே என்று யோசித்தேன். பத்து விநாடியில் பஸ் கால் கிலோமீட்டர் போய்விடுகிறது. அதற்கப்புறம் யோசித்து என்ன.

திண்டிவனத்தில் இறங்கியதும் கண்ணையன் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“அங்க திரும்பித் திரும்பிப் பாத்தியே, பாப்பா நின்னுக்கினு இருந்துச்சா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“நான் பாக்கலய்யா. பனியா இருந்திச்சி. பாத்திருந்தா நானே நிறுத்தியிருப்பேன்.”

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு அது இன்னும் கொஞ்சம் வலித்தது. டிரைவர் பார்க்கவில்லை. பார்த்தவன் நான்.

அன்று மீதி நடை முழுக்க என் வாயில் இருந்த விசில் எனக்கே பிடிக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு சின்ன ஸ்டாப்பிங்கிலும் கை நீண்டது. பதினாறு வருஷமாக நான் கைகளைத்தான் பார்த்திருக்கிறேன். முகங்களைப் பார்த்தால் நிறுத்த வேண்டியிருக்கும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயந்திரம் நான் போனபோது கலைப்பிரியா டவுனுக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இனியவன் ரோட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். அஸ்வினி வாசற்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். வாங்கி வந்த பக்கோடா பொட்டலத்தை அவளிடம் கொடுத்தேன். நானும் படியில் உட்கார்ந்தேன்.

“ஆறு அம்பதை வுட்டுட்டியா?”

“ரெக்கார்டு நோட்டை மறந்துட்டேன்ப்பா. பாதி வழி போயி திரும்பி வந்து எடுத்துக்கினு போறதுக்குள்ள பஸ்ஸு போயிடிச்சி.”

“அப்பறம் எப்டி போன?”

“கீரை எடுத்துக்கினு போவாங்கள்ல, சவுரியம்மாள் ஆயா, அவங்க ஒரு லோடு ஆட்டோவ நிறுத்தினாங்க. அதுல கீரைக்கட்டு மேல குந்திக்கினு போனேன். கணக்கு டெஸ்ட்டுக்கு அரை மணி நேரம் லேட்டு. இருக்கற நேரத்துல எழுதுன்னு மிஸ் வுட்டாங்க. ரெண்டு பெரிய கணக்கு போயிடிச்சி.”

குறை சொல்கிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள். நான் கேட்டேன்.

“என்னைப் பாத்தல்ல? ஏம்மா கை காட்டல?”

அவள் பக்கோடாவைக் கடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்பது மாதிரி.

“நம்ம பஸ்ஸு அங்க நிக்காதுல்லப்பா” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. என் பெண் என்னை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள், அவ்வளவுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரோட்டில் போகிற மகனைப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இந்த ஊடு உனக்குப் புடிச்சிருக்குதா?” என்று கேட்டேன். இந்த முறை பதிலுக்காகக் கேட்டேன்.

“ஊடு நல்லாருக்குதுப்பா. ரூமு ரொம்பப் புடிச்சிருக்குது.” நிறுத்தினாள். “ஆனா இங்கருந்து எங்க போணும்னாலும் யார்னா வந்து இட்டுக்கினு போணும். ஒரு பேப்பர் வாங்கணும்னா கூட நீங்க பேஜாராயிட்டீங்க. அங்க நானே போறேன், நானே வர்றேன். கடைக்காரங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்.”

நான் அந்த டவுனில் ஹாரன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அங்கே தன் காலால் நடந்து ஒரு ஊரையே சம்பாதித்து வைத்திருக்கிறாள். ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து, காற்று வருகிறது பார் என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கலைப்பிரியா கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எங்கள் பேச்சை முழுக்கக் கேட்டிருப்பாள் என்று அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

“மூணு ராத்திரி ஆயிடிச்சிங்க. ஜூன்ல வர்றோமா?” என்றாள்.

நாலு வருஷம் ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. செங்கல் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். கிழக்கு ஜன்னல் நான் சொல்லி வைத்த இடம். வேண்டாம் என்ற வார்த்தை லேசில் வாயில் வரவில்லை.

“அஸ்வினி பன்னெண்டாவது முடிக்கட்டும் கலை. அதுவரைக்கும் அங்கயே இருப்போம். இதை வாடகைக்கு வுட்ரலாம்” என்றேன்.

கலைப்பிரியா பக்கத்தில் வந்து பொட்டலத்திலிருந்து ஒரு பக்கோடாவை எடுத்துக்கொண்டாள். அஸ்வினி புத்தகத்தை மூடிவிட்டு என் தோளில் சாய்ந்தாள். பத்தாவது வந்த பிறகு அவள் அப்படிச் சாய்ந்தது இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

இனியவனிடம் சொன்னபோதுதான் வீடு ரெண்டுபட்டது. சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதான். ரோடு கோடிக்குப் போய் நின்றுகொண்டு திரும்பி வர மறுத்தான். அவனைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தபோது, “அக்காவுக்கு மட்டும் கேக்கறீங்க” என்றான். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைச் சைக்கிளோடு பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப் போகிறேன். அந்த ரோடு மாதிரி இல்லை என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறான். இல்லைதான்.

வீட்டுக்கு, கூட்டேரிப்பட்டுப் பக்கம் வேலைக்கு வந்த ஒரு இளம் ஜோடி குடிவந்தது. விளக்கேற்றுகிறோம் அண்ணே என்றார்கள். கலைப்பிரியாவுக்கு நிம்மதி.

அதெல்லாம் பின்னால். அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றும் ஆறரைக்கு விழுப்புரத்தை விட்டோம். சீட் நிறைந்து ஆட்கள் நின்றார்கள். பூங்கொடி நகர் தெரிந்ததும் கண்ணையன் கண்ணாடியில் பார்த்தான். அஸ்வினி அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் இந்நேரம் டவுனில் தலை பின்னிக்கொண்டிருப்பாள். ஸ்டாப்பிங்கில் மற்றவர்கள் நின்றார்கள். நான் ஒரே ஒரு முறை விசில் ஊதினேன்.

கண்ணையனுக்கு நம்பிக்கை இல்லை. மறுபடி கண்ணாடியில் பார்த்தான். இன்னொரு முறை ஒற்றை விசில் கொடுத்தேன். பஸ் ஓரம்கட்டி நின்றது.

ஒருத்தரும் ஏறவில்லை. பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் குனிந்து டயரைப் பார்த்தார்கள். பஸ்ஸுக்குள்ளே ஒருவர், “ஏங்க, இங்க நிக்காதே, டைம் ஆவுதுங்க” என்றார்.

கீரைக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண்மணி படிக்குப் பக்கத்தில் வந்தார். சவுரியம்மாள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

“இன்னா தம்பி, வண்டி பஞ்சரா?” என்று கேட்டார்.

“இல்லம்மா” என்றேன். கீரைக்கட்டை வாங்கி உள்ளே வைத்தேன். “ஏறுங்க, ஜல்தி ஏறுங்க. நிக்கும்.”